வீடு நிறைய ஆள் இருக்கு, வேலைல மட்டும் ஏன் தனியா இருக்கோம்?

வணக்கம் தம்பி. நீங்க எழுதுனத ரெண்டு தடவை படிச்சேன். மன்னார்குடி பக்கம் சொந்த ஊர்ல இருந்துகிட்டு சென்னை கம்பெனிக்கு நாலு வருஷமா முழுக்க வீட்டுலேருந்தே வேலை பாக்குறீங்க, வாடகை மிச்சம், வீட்டு சாப்பாடு, ரெண்டு வயசுப் பிள்ளை கண்ணு முன்னாடி வளருது, சம்பளத்துலயும் குறை இல்ல, அப்படியும் சாயங்காலம் லேப்டாப்ப மூடினா மனசு காலியா இருக்கு, செஞ்ச வேலை எதுவும் நம்மளோடதாவே தெரியல, இது என் சோம்பேறித்தனமா இல்ல ஒர்க் ஃப்ரம் ஹோம் மனசக் கெடுக்குமா, பேசாம சென்னைக்கே போயிடவான்னு கேட்டிருக்கீங்க. கேள்வி ஒர்க் ஃப்ரம் ஹோம் பத்திதான்னாலும் உள்ள இருக்கற கேள்வி வேறன்னு எனக்குப் படுது. எல்லாம் இருந்தும் ஏதோ ஒண்ணு குறையுதே, அந்தக் குறைக்கு ஒரு பேர் இருக்கா, அத வாய்விட்டுச் சொன்னா வீட்டுல இருக்கறவங்க நம்மள நன்றி இல்லாதவன்னு நினைச்சுடுவாங்களோ, இதுதானே. பேர் இருக்கு தம்பி. நன்றிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

என்னப் பத்தி ரெண்டு வரி சொல்லிடுறேன், எதை வச்சு பேசுறேன்னு தெரியணும்ல. சைக்காலஜி படிச்சுட்டு சென்னைல கம்பெனி ஊழியர்களுக்கு கவுன்சிலிங் குடுக்கற வேலைல பதினோரு வருஷம் இருந்தேன், இப்போ எட்டு வருஷமா கும்பகோணத்துல உக்காந்து ஆளுங்களப் பாக்குறேன். 2020க்கு முன்னாடி என்கிட்ட வந்தவங்க பெரும்பாலும் கல்யாணப் பிரச்சனை, பரீட்சை பயம்னு வந்தாங்க. அதுக்கப்புறம் லேப்டாப்போட ஊருக்குத் திரும்பின பிள்ளைங்க வர ஆரம்பிச்சாங்க, இன்னும் வந்துகிட்டுதான் இருக்காங்க, பாதிப் பேரு உங்க வார்த்தையத்தான் சொல்றாங்க, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா..."

மனுஷனுக்கு வேலைலேருந்து சம்பளம் தவிர என்ன வேணும்கறதுக்கு எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான்னு ரெண்டு பேரு ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்துல இருந்துகிட்டு வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணி ஒரு பதில் வச்சிருக்காங்க. மூணு பசின்னு வச்சுக்கங்க. இத நானா என் இஷ்டப்பட்டு செய்றேங்கற நினைப்பு, எனக்கு இது கைவருதுங்கற நினைப்பு, என்னைச் சேர்ந்தவங்கன்னு நாலு பேர் இருக்காங்கங்கற நினைப்பு. வயித்துப் பசி மாதிரியே இதுவும், ஒண்ணுல நிறைய போட்டா இன்னொண்ணு அடங்காது. சுதந்திரம் எவ்வளவு குடுத்தாலும் தனிமைப் பசி தீராது, வீட்டுல பாசம் கொட்டிக் கிடந்தாலும் "எனக்கு வேலை தெரியும்"ங்கற பசி அதனால ஆறாது. உங்க காலி மனசுக்கு முக்கால்வாசி விளக்கம் இதுக்குள்ளயே இருக்கு.

முதல் பசியப் பத்தி ஒரு தப்பான எண்ணம் எல்லாருக்கும் இருக்கு. மேனேஜர் பக்கத்துல இல்ல, பஸ் புடிக்க வேணாம், கைலியோட உக்காந்து வேலை பாக்கலாம், அதனால நம்ம சுதந்திரமா இருக்கோம்னு. உங்க அப்பாவ யோசிச்சுப் பாருங்க, விவசாயம்னு எழுதியிருக்கீங்க. ஜூன் 12 மேட்டூர் திறப்பாங்களா மாட்டாங்களா, திறந்தாலும் கடைமடைக்கு எப்போ வரும், முறைத்தண்ணி எத்தனை நாளு, ஐப்பசி மழை எப்படி அடிக்கும், இதுல எதுவும் அவர் கைல இல்ல. அவ்வளவு கட்டு இருந்தும் குறுவைக்கு ஆடுதுறை 43 போடுறதா வேற ரகம் போடுறதா, நாத்து எப்போ விடுறது, யாரை நடவுக்குக் கூப்புடுறதுன்னு அவர் முடிவு பண்றாரு, வயல் வரப்புல நின்னா இது என் வெள்ளாமைன்னு அவருக்குத் தெரியும். உங்களுக்கு எந்தக் கட்டும் கண்ணுல படல, ஆனா சாட்ல உங்க பேருக்குப் பக்கத்துல இருக்கற பச்சைப் புள்ளி மஞ்சளாயிடக் கூடாதுன்னு பாத்ரூமுக்குப் போனாகூட போன எடுத்துட்டுப் போறீங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. டெசியும் ரயானும் சொல்ற சுதந்திரம் தடை இல்லாம இருக்கறது கிடையாது. செய்யற காரியத்துக்கு உள்ளேருந்து நம்ம சம்மதம் இருக்கணும், அவ்வளவுதான். அந்தக் கணக்குல பாத்தா வெயில்ல நிக்கற அப்பாவுக்கு அது இருக்கு, ஃபேனுக்கு அடியில உக்காந்திருக்கற உங்களுக்கு இல்ல.

இந்தக் கண்காணிப்பு விஷயத்த லேசா எடுத்துக்காதீங்க. 1975ல மார்க் லெப்பர், டேவிட் கிரீன்னு ரெண்டு பேரு நர்சரி பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கள வச்சு ஒரு சோதனை பண்ணாங்க. புதிர் விளையாட்டு குடுத்து, சில பிள்ளைங்ககிட்ட மட்டும் உங்கள கேமரா வழியா பாத்துகிட்டு இருப்போம்னு சொல்லிட்டாங்க. அப்புறமா யாரும் பாக்காத நேரத்துல அதே விளையாட்டு கைக்கெட்டுற தூரத்துல கிடந்தும் கேமராவுக்கு முன்னாடி விளையாடின பிள்ளைங்களுக்கு அதுல ஆசை குறைஞ்சுபோச்சு. அதட்டல், திட்டு எதுவும் கிடையாது, பாத்தாங்க, அவ்வளவுதான். நாலஞ்சு வயசுப் பிள்ளைக்கு நடந்தது முப்பத்தொரு வயசு இன்ஜினியருக்கு அப்படியே நடக்கும்னு சொல்ல மாட்டேன், பெரியவங்கள கம்பெனி பாக்கறதுக்கு நியாயமான காரணமும் சில வேலைல உண்டு. ஆனா ஆறு வருஷம் முன்னாடி ராத்திரி உக்காந்து ஆசைஆசையா புரோகிராம் எழுதின நீங்க இப்போ டிக்கெட்ட, அதாவது கைக்கு வந்த வேலைக் குறிப்ப, மூடினா போதும்னு ஆனதுக்கு சோம்பேறித்தனம்னு பேர் வைக்கறதுக்கு முன்னாடி இதையும் ஒரு காரணமா வச்சுப் பாக்கணும்.

ரெண்டாவது பசி, கைவருதுங்கற நினைப்பு. இது எங்கேருந்து வருதுன்னு நினைக்கறீங்க? வருஷத்துக்கு ஒருதடவை அப்ரைசல்ல வர்ற மார்க்குலேருந்து ரொம்பக் கொஞ்சம்தான் வருது. "டேய் இது எப்படிடா பண்ண"ன்னு பக்கத்து சீட்டுக்காரன் எட்டிப் பாக்கறது, சீனியர் ஒருத்தர் பின்னாடி நின்னு "ம்ம்"னு தலையாட்டிட்டுப் போறது, ஜூனியர் ஒருத்தி வந்து சந்தேகம் கேக்கறது, இப்படி பொடிப்பொடியா ஒருநாளைக்கு இருபது தடவை வந்துகிட்டே இருக்கும், ஆபீஸ்ல இருக்கும்போது அது தெரியவே தெரியாது. நடாலியா இமானுவேல், எம்மா ஹாரிங்டன், அமாண்டா பல்லாய்ஸ்னு மூணு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் பெரிய கம்பெனி ஒண்ணுல சாஃப்ட்வேர் ஆளுங்களப் பாத்தாங்க, டீம்ல எல்லாரும் ஒரே கட்டிடத்துல உக்காந்திருந்தப்போ ஒருத்தர் எழுதின புரோகிராமுக்கு மத்தவங்க குடுக்கற கருத்து கூடுதலா கிடைச்சுது, புதுசா வேலைக்கு வந்தவங்களுக்கு அதுல பலன் ஜாஸ்தி. அதே நேரம் சொல்லிக் குடுக்கற சீனியருக்கு சொந்த வேலை அதனால குறைஞ்சதுங்கறதையும் அவங்க பாத்தாங்க, அதையும் மறைக்கக் கூடாது. 2010 கடைசில ஷாங்காய்ல சீட்ரிப்ங்கற டிராவல் கம்பெனி தன்னோட கால்சென்டர்ல நடத்தின சோதனை ரொம்பப் பேர் சொல்ற ஒண்ணு, நிக்கோலஸ் ப்ளூம்ங்கற பொருளாதாரப் பேராசிரியர் கூட இருந்து பண்ணது. வாரத்துல நாலு நாள் வீட்டுல, ஒருநாள் ஆபீஸ், ஒம்போது மாசம். வீட்டுலேருந்து பண்ணவங்க வேலை 13% கூடிச்சு, வேலைய விட்டுப் போறது பாதியா குறைஞ்சுது. முதலாளிக்கு இதைவிட என்ன வேணும். ஆனா அவ்வளவு நல்லா வேலை செஞ்சும் செஞ்ச அளவுக்கு அவங்களுக்கு பிரமோஷன் வரல, கண்ணுக்குத் தெரியாதவன் நினைப்புலயும் இல்லைங்கற கதைதான், அப்புறம் சோதனை முடிஞ்சு இனிமே உங்க இஷ்டம்னு விட்டப்போ வீட்டுலேருந்து வேலை பாத்தவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேரு நாங்க ஆபீஸுக்கே வர்றோம்னுட்டாங்க. முக்கியமா சொன்ன காரணம் தனிமை.

மூணாவது பசிக்கு வர்றேன், உங்க விஷயத்துல மூலம் இதுதான்னு நினைக்கறேன், ஏன்னா இதத்தான் நீங்க எழுதவே இல்ல. வீட்டுல அப்பா அம்மா, மனைவி, குழந்தை, பக்கத்துலயே சித்தப்பா குடும்பம், தனிமைன்னு எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டீங்க போலருக்கு. ஒரு காட்சி சொல்றேன். 2021ல என் தம்பி மகன் எங்க வீட்டு கூடத்துல உக்காந்துதான் வேலை பாத்தான், அங்கதான் சிக்னல் நல்லா வரும். பதினோரு மணிக்கு அவன் மீட்டிங்ல இருக்கும்போது எங்க அம்மா டபரா செட்ல காப்பி எடுத்துட்டு வருவாங்க, எழுபத்தாறு வயசு அப்போ, கேமராவுல தெரிஞ்சுடக் கூடாதுன்னு இடுப்ப வளைச்சு குனிஞ்சுகிட்டே கூடத்தத் தாண்டி, மேஜை ஓரத்துல சத்தம் வராம டபராவ வச்சுட்டு, அதே மாதிரி குனிஞ்சுகிட்டே திரும்பிப் போவாங்க. அவன் திரும்பிக்கூட பாக்க முடியாது. எட்டு மணிநேரமும் அந்த வீட்டுல எல்லாரும் அவனுக்கு முன்னாடி இல்லாத மாதிரி இருக்கப் பழகிட்டாங்க, டிவி சத்தம் கிடையாது, மிக்ஸி கிடையாது, குழந்தைய கொல்லைப்பக்கம் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அத்தனையும் பாசத்துல செஞ்சதுதான். ஆனா விளைவப் பாருங்க, வீட்டுல இருக்கறவங்களுக்கு அவன் பாசம் தெரியும் அவன் வேலை தெரியாது, கம்பெனில இருக்கறவங்களுக்கு அவன் வேலை தெரியும் அவனைத் தெரியாது. ரெண்டையும் சேத்துப் பாக்கற ஆளு அவன் நாள்ல ஒருத்தர்கூட இல்ல.

நம்ம பக்கம் வேலைங்கறது எப்பவும் கண்ணுக்குப் பட்டுத்தான் நடந்திருக்கு தம்பி. நடவு நடறப்போ வரிசையா நின்னு பின்னாடி பின்னாடி வர்றாங்கள்ல, யார் கை வேகம், யார் முதல் இடுப்பு புடிச்சு நிமிருறா, யார் நட்ட இடம் நேரா இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், கேலி பேச்சு, சண்டை, பாட்டு எல்லாம் அதுக்குள்ளதான். அந்தக் கஷ்டத்த நான் அழகுபடுத்தல, கூலியும் முதுகு வலியும் எனக்குத் தெரியும், அதுல பொறந்து வளர்ந்தவதான். ஆனா அந்த வேலை பாத்த எங்க பெரியம்மாவுக்கு தன் வேலைய யாரும் பாக்கலங்கற துக்கம் ஒருநாளும் வந்ததில்ல. உங்களுக்கு வந்திருக்கு. ஊர்க்காரங்க "தம்பி சும்மாதானே வீட்டுல இருக்க, இந்த பேங்க் ஃபாரத்த கொஞ்சம் பாத்துக் குடு"ன்னு வர்றப்போ உங்களுக்குக் கோவம் வருதுன்னு எழுதியிருந்தீங்களே, அது அந்த அஞ்சு நிமிஷத்துக்கான கோவம் இல்ல, அந்த "சும்மா"ங்கற வார்த்தைக்கு வர்ற கோவம்.

என்கிட்ட வந்த ஒரு பையனப் பத்தி சொல்றேன், அவர் சம்மதம் வாங்கித்தான் சொல்றேன், அடையாளம் மாத்தியிருக்கேன். நீடாமங்கலம் பக்கம் கிராமம், சப்போர்ட் வேலை, தூக்கம் வரலன்னு மனைவி கூட்டிட்டு வந்தாங்க. தினமும் சாயங்காலம் ஒரே ஒரு வரி, இன்னைக்கு எப்போ நல்லா இருந்துச்சுன்னு நோட்டுல எழுதுங்கன்னு சொன்னேன். ரெண்டு மாசம் கழிச்சு நோட்டப் புரட்டினா நல்லா இருந்த நாளுன்னு எண்ணி ஒரு கைக்குள்ள அடங்குச்சு, அதுல ரெண்டு நாள் மாதாந்திர பராமரிப்புன்னு காலைல 9 மணிக்கு கரண்ட நிறுத்திடுவாங்கள்ல அந்த நாளு, இன்னொண்ணு இன்வெர்ட்டர் பேட்டரி செத்துப்போன நாளு. எனக்கு முதல்ல புரியல. கேட்டா, கரண்ட் இல்லாத அன்னைக்கு அவர் ஸ்கூட்டர எடுத்துகிட்டு மன்னார்குடில ஒரு சிநேகிதர் வீட்டு மாடிக்குப் போயிடுவாரு, அங்க இன்னும் ரெண்டு பேரு, ஆளுக்கொரு கம்பெனி, ஒருத்தர் வேலை ஒருத்தருக்கு சம்பந்தமே இல்ல. ஒருநாள் பதினொன்றரை மணிக்கு ஏதோ ஒரு பெரிய சிக்கல இவர் தீத்துட்டு மேஜைல ஓங்கித் தட்டியிருக்காரு, பக்கத்துல இருந்தவர் ஹெட்போன கழட்டிட்டு "என்னா மாப்ள"ன்னு கேக்க, பழைய காலண்டர் தாள் பின்பக்கத்துல படம் போட்டு அஞ்சு நிமிஷம் விளக்கியிருக்காரு. கேட்டவருக்குப் பாதி புரியல. அப்புறம் மூணு பேரும் கீழ இறங்கி டீ குடிச்சிருக்காங்க. அதே மாதிரி சிக்கல அவர் வீட்டுலயும் எத்தனையோ தடவை தீத்திருக்காரு, தீத்துட்டு டிக்கெட்ட மூடிட்டு அடுத்தத எடுத்திருக்காரு. வித்தியாசம் அந்த அஞ்சு நிமிஷம்தான்.

இப்போ எது உறுதி எது உறுதி இல்லைன்னு பிரிச்சுச் சொல்லணும், இல்லன்னா நான் பாத்த நாலு பேர வச்சு ஊருக்கே மருந்து எழுதின மாதிரி ஆயிடும். இந்த மூணு தேவையும் மனுஷனுக்கு உண்டு, குறைஞ்சா வேலைல ஒட்டு விட்டுப்போகுங்கறதுக்கு பல நாட்டுலயும் ஆதாரம் இருக்கு, இது உறுதி. முழுநேரமும் தள்ளியிருந்து வேலை பாத்தா சக ஊழியர் உறவு மெலியும்கறதும் ஓரளவு உறுதிதான். 2007ல கஜேந்திரன், ஹாரிசன்ங்கற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 46 ஆய்வு, 12,883 ஊழியர்கள ஒண்ணாச் சேத்துப் பாத்தாங்க, மொத்தத்துல வீட்டுலேருந்து வேலை பாக்கறது சின்ன அளவுல நல்லதே பண்ணுச்சு, என் இஷ்டம்ங்கற நினைப்பு கூடினதுதான் அதுக்கு முக்கியக் காரணம், ஆனா வாரத்துக்கு ரெண்டரை நாளுக்கு மேல போனவங்களுக்கு கூட வேலை பாக்கறவங்களோட உறவு அடிவாங்குச்சு. மைக்ரோசாஃப்ட்ல 61,182 பேரோட தொடர்புகள 2020 முதல் பாதில பாத்ததுலயும் அவங்கவங்க குழுவுக்குள்ளயே சுருங்கிட்டாங்கன்னுதான் வந்துச்சு. ஆனா ஒர்க் ஃப்ரம் ஹோம் மனச்சோர்வ உண்டாக்கும்னு யாராவது அடிச்சுச் சொன்னா நம்பாதீங்க. 2020, 21ல எடுத்த கணக்குல சாவு பயம், வேலை போயிடுமோங்கற பயம், பள்ளிக்கூடம் மூடினது எல்லாம் கலந்து கிடக்கு, வீட்டுலேருந்து வேலை பாத்ததால வந்தது எவ்வளவுன்னு தனியா பிரிச்சு எடுக்கறது லேசு இல்ல. ஷாங்காய் சோதனையும் தானா விரும்பி வந்தவங்கள வச்சு பண்ணது, போன்ல பேசற வேலை, அத அப்படியே மன்னார்குடி கூட்டுக் குடும்பத்துல நட முடியாது. உங்க மனசு காலியா இருக்கறதுக்கு வேலை மட்டும்தான் காரணமான்னு உங்க எழுத்த வச்சு என்னால சொல்லவும் முடியாது. தூக்கம், பசி ரெண்டும் கெட்டு, குழந்தைகிட்ட விளையாடறதுலகூட ஆசை இல்லாம ரெண்டு வாரத்துக்கு மேல ஓடிச்சுன்னா நான் சொல்ற எதையும் பண்ணிப் பாத்துகிட்டு இருக்காதீங்க, டாக்டரப் பாருங்க, இல்ல 14416க்கு போன் போடுங்க, டெலிமானஸ்ங்கற மனநல உதவி எண், அரசாங்கத்தோடது, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

சென்னைக்குப் போயிடவான்னு கேட்டீங்க. அவசரப்படாதீங்கன்னுதான் சொல்லுவேன். ஆபீஸுக்குப் போயிட்டா மட்டும் இது தீரும்னு இல்ல, உங்க டீம்ல பாதிப் பேரு பெங்களூர், புனேல இருந்தா நீங்க சென்னைல போய் உக்காந்தும் அதே ஹெட்போன்தான், கூட மாசாமாசம் வாடகை, குழந்தை முகம் வாரத்துக்கு ஒருதடவை. அதே சீட்ரிப் கம்பெனில பின்னாடி 1,612 பேர வச்சு வாரம் ரெண்டு நாள் மட்டும் வீட்டுலேருந்துன்னு சோதிச்சது 2024ல வெளிவந்துச்சு, வேலைய விட்டுப் போறது மூணுல ஒரு பங்கு குறைஞ்சுது, வேலைத்தரத்துலயும் பிரமோஷன்லயும் எந்தக் குறையும் வரல. அதாவது முழுசா இங்க, முழுசா அங்கன்னு ரெண்டுல ஒண்ணப் புடிக்கணும்னு கட்டாயம் இல்ல. வாரத்துல மூணு நாள் மன்னார்குடிலேருந்து சென்னை போக முடியாதுன்னு எனக்கும் தெரியும், அது வேளச்சேரில வீடு இருக்கறவங்களுக்கான கணக்கு. நம்ம பக்கம் ஆளுங்களுக்கு மாசத்துல நாலு நாள் சேத்தாப்புல ஆபீஸ் போயிட்டு வர்றது சில பேருக்கு ஒத்துவந்திருக்கு, ஆனா அந்த நாலு நாளும் டீம்ல மத்தவங்களும் வர்ற நாளா இருக்கணும், காலி ஆபீஸ்ல போய் மீட்டிங் அட்டென்ட் பண்ணிட்டு வந்தா பஸ் காசுதான் தண்டம். தஞ்சாவூர்ல 2024ல ஐ.டி. கம்பெனிங்களுக்குன்னு டைடல் பார்க் திறந்தாங்க, அந்த மாதிரி இடங்க இந்தப் பக்கம் பெருகினா அடுத்த தலைமுறைக்கு இந்தக் கேள்வியே வேற மாதிரி இருக்கும், அதுவரைக்கும் நம்மளா ஏதாவது மாடிய புடிச்சுக்க வேண்டியதுதான்.

உங்க மேனேஜர்கிட்ட பேசறப்போ "எனக்கு மனசு சரியில்ல"ன்னு ஆரம்பிக்காதீங்க, எல்லா மேனேஜருக்கும் அத வாங்கிக்கத் தெரியாது, அத எப்படிப் பயன்படுத்துவாங்கன்னும் தெரியாது. பச்சைப் புள்ளிக்குப் பதிலா சாயங்காலத்துக்குள்ள என்ன முடிச்சுத் தரணும்னு பேசிக்கலாமான்னு கேளுங்க, வாரத்துக்கு ஒருதடவை நீங்க முடிச்சத பத்து நிமிஷம் டீமுக்குக் காட்டறதுக்கு நேரம் கேளுங்க, புதுசா சேந்த ஒருத்தருக்குச் சொல்லிக் குடுக்கற பொறுப்ப கேட்டு வாங்குங்க. மூணாவதுதான் என் அனுபவத்துல சீக்கிரம் பலிச்சிருக்கு, ஒருத்தர் நம்மகிட்ட சந்தேகம் கேட்டா நமக்கு எவ்வளவு தெரியும்னு நமக்கே அப்போதான் தெரியுது.

வீட்டுலயும் ஒண்ணு பண்ணுங்க. ராத்திரி சாப்புடறப்போ அப்பா இன்னைக்கு மடைல என்ன சண்டை, எந்த வயலுக்குத் தண்ணி ஏறலன்னு சொல்லுவாருல்ல, அதே மாதிரி நீங்களும் இன்னைக்கு என்ன சிக்கல் வந்துச்சு, எப்படித் தீத்தீங்கன்னு சொல்லுங்க, புரியாதுன்னு நீங்களா முடிவு கட்டாதீங்க. அந்த நீடாமங்கலம் தம்பி அவங்க அப்பாகிட்ட சர்வர் படுத்துப்போச்சுங்கறத மோட்டார் காயில் புகைஞ்சு போறத வச்சு விளக்கியிருக்காரு, மறுநாள் காலைல அந்த அப்பா கொல்லைலேருந்து வந்தவுடனே கேட்ட முதல் கேள்வி, "தம்பி, நேத்து படுத்துக்கிச்சே, அது எழுந்துருச்சா?" இத என்கிட்ட சொல்லும்போது அந்தப் பையன் கண்ணு கலங்கிப்போச்சு. இப்போ அவங்க மூணு பேரும் கரண்ட் இருந்தாலும் செவ்வாயும் வியாழனும் அந்த மாடிக்குப் போறாங்க, நாலாவதா ஒரு பொண்ணும் சேந்திருக்கு, வாடகைய பங்கு போட்டுக்கறாங்க.

நீங்களும் நோட்டு ஒண்ணு வாங்கி நாலு வாரம் அந்த ஒத்தை வரிய எழுதிப் பாருங்க, சென்னை முடிவ தை அறுவடை முடியற வரைக்கும் தள்ளி வைங்க. நோட்டுல எந்த நாளெல்லாம் வந்திருக்குன்னு பாத்துட்டு கம்பெனி பேரு எதுவும் போடாம இங்கயே எழுதுங்க தம்பி, நான் பாத்துட்டுப் பதில் போடுறேன்.